நாலடியில் ஒரு சக்கரவர்த்தி

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு மச்சினன் போன் செய்தான். குரலில், பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளையின் பரவசம்.

"மாமா, எம்பரரா, கொரானா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. கடையிலதான் நிக்கிறேன்."

வேளச்சேரியில் இரண்டாவது மாடி ஃப்ளாட்டில் ஒரு வருஷமாகக் கடல் மீன் தொட்டி வைத்திருக்கிறான். சாதாரணத் தொட்டி இல்லை. 'ரீஃப் டேங்க்'. உள்ளே பாறை, பாறை மேல் உயிருள்ள பவளங்கள், நீல விளக்கு, தண்ணீரைக் குளிர வைக்க ஒரு மெஷின், அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ள இன்னொரு மெஷின். ஒரு காலத்தில் நானும் இந்தப் பைத்தியம் பிடித்து அலைந்தவன் என்பதால், மீன் விஷயத்தில் குடும்பத்துக்கே நான்தான் ஹைகோர்ட்.

"ரெண்டும் வேண்டாம். கடையை விட்டு வெளியே வா" என்றேன்.

அவனுக்குக் கோபம். "நெட்ல எல்லாரும் வெச்சிருக்காங்க மாமா" என்றான். போனை வைத்துவிட்டான். ஹைகோர்ட் தீர்ப்பு சொன்னால் காரணமும் எழுத வேண்டும் இல்லையா? இதோ எழுதுகிறேன். அவனுக்கு மட்டுமில்லை. அதே கடையில் அதே கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற எல்லோருக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கொளத்தூர் கடைகளில் முக்கோணமாக, கோடு போட்டு, சிறகு நீட்டிக்கொண்டு நிற்குமே ஒரு ஏஞ்சல், அது அமேசான் பக்கத்து நன்னீர் மீன். இது வேறு. இது கடல் ஏஞ்சல். இரண்டுக்கும் பெயரைத் தவிர உறவு கிடையாது. எம்பரர் ஏஞ்சல் குட்டியாக இருக்கும்போது கருநீலம். உடம்பில் யாரோ காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி வெள்ளை வட்டங்கள், வட்டத்துக்குள் வட்டம். வளர்ந்தால் வட்டங்கள் போய் மஞ்சளும் நீலமுமாக நெடுக வரிகள், கண்ணுக்குக் கறுப்புத் திரை. சின்னதும் பெரியதும் ஒரே மீன் என்று தெரியாமல், அந்தக் காலத்து விஞ்ஞானிகள் குட்டிக்குத் தனியாக 'நிக்கோபாரென்சிஸ்' என்று பெயர் வைத்துத் தனி இனமாகவே எழுதிவிட்டார்கள். கொரான் ஏஞ்சல் குட்டிக்கு வால் பக்கம் அரபி எழுத்து மாதிரி கோலங்கள். அதனால் அந்தப் பெயர்.

அழகா? கொள்ளை அழகு. அங்கேதான் ஆபத்தே ஆரம்பம்.

கடையில் நீங்கள் பார்ப்பது ஐந்து, ஆறு சென்டிமீட்டர் குட்டி. வளர்ந்த எம்பரர் 40 சென்டிமீட்டர். கொரானும் ஏறக்குறைய அவ்வளவுதான். கரீபியன் கடலின் குயீன் ஏஞ்சல் 45. மச்சினன் தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம். ஒன்றரை அடி என்றால் 45 சென்டிமீட்டர். அதிலும் பாதியைப் பாறை அடைத்துக்கொண்டிருக்கிறது. மீன் வளர்ந்த பிறகு யு டர்ன் எடுக்க வேண்டுமென்றால் ரிவர்ஸ் கியர்தான் போட வேண்டும். நம் ஊர் சந்துகளில் கார் ஓட்டுகிறவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும்.

"பெருசானா பெரிய தொட்டி வாங்கிடுவேன்" என்பார்கள். நான் சொன்னேன், நீங்களும் சொல்வீர்கள். கணக்குப் போடுவோம். வளர்ந்த எம்பரருக்குக் குறைந்தபட்சம் 800 லிட்டர் தொட்டி என்பது அனுபவஸ்தர்கள் சொல்கிற அளவு. கடல் தண்ணீர், கண்ணாடி, பாறை, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் ஒரு டன்னைத் தாண்டும். தொட்டி தரையில் பிடிக்கிற இடம் ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். நம் வீட்டுத் தளங்களை ஆளும் பொருளும் தாங்க டிசைன் செய்கிற கணக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோ. தளம் உடனே கீழ்வீட்டுக்காரர் சாப்பாட்டு மேஜையில் இறங்கிவிடும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் மீன் வாங்குவதற்கு முன்னால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கேட்டவர் யாராவது உண்டா?

இந்த மீன் நன்றாக வளர்த்தால் பதினைந்து, இருபது வருஷம் இருக்கும். எல்.கே.ஜி. படிக்கிற உங்கள் பெண் காலேஜ் முடிக்கிற வரை. அதுவரை வாடகை வீடு மாற மாட்டீர்களா? டிரான்ஸ்ஃபர் வராதா? கரண்ட் போகாதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. தண்ணீர் ஓட்டம் நின்றால் ரீஃப் தொட்டியில் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் குறைய ஆரம்பிக்கும். பெரிய மீனுக்குத்தான் முதலில் மூச்சு முட்டும்.

சரி, இடம் இருக்கிறது, ஜெனரேட்டர் இருக்கிறது, பணம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அசல் பிரச்னை இனிமேல்தான்.

இந்த ஏஞ்சல்கள் கடலில் என்ன சாப்பிடுகின்றன? முக்கியமாகக் கடற்பஞ்சு. கரீபியன் மீன்களின் வயிற்றைக் கிழித்துப் பார்த்து ராண்டல், ஹார்ட்மன் என்ற இருவர் 1968-ல் எழுதினார்கள். அந்தப் பக்கத்துப் பெரிய ஏஞ்சல்களின் வயிற்றில் 70 சதவீதத்துக்கு மேல் கடற்பஞ்சுதான். கடற்பஞ்சு சாதுவான ஜந்து இல்லை. விட்டால் பவளத்தின் மேல் படர்ந்து அதை மூச்சுத் திணற வைத்துவிடும். பஞ்சு தின்னும் மீன்களைப் பொறி வைத்துப் பிடித்துத் தீர்த்த கரீபியன் திட்டுகளில் பஞ்சு படர்ந்து பவளத்தை மூடியிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அதாவது, கடலில் இந்த மீன் பவளத் தோட்டத்துக்குக் களை எடுக்கிற தோட்டக்காரன்.

அந்தத் தோட்டக்காரனைக் கொண்டுவந்து நாலடித் தொட்டியில் போடுகிறோம். அங்கே பஞ்சு இல்லை. இருந்தாலும் ஒரே வாரத்தில் காலி. பிறகு அவன் என்ன செய்வான்? நாள் முழுக்கக் கொறித்துக்கொண்டே இருப்பது அவன் பிறவிக் குணம். சதைப்பிடிப்பான பவளத்தைக் கடிப்பான். பொத்தான் பொத்தானாகப் பூத்திருக்கும் ஜோவாந்தஸைக் கடிப்பான். சிப்பி வைத்திருந்தால் அதன் உதட்டைக் கடிப்பான். கடலில் பவளத்தைக் காப்பாற்றுகிற மீன், நம் வீட்டில் பவளத்தைத் தின்கிறது. குணம் மாறவில்லை சார், நாம் இடத்தை மாற்றிவிட்டோம்.

"எங்க வீட்டு எம்பரர் ரெண்டு வருஷமா ஒரு பவளத்தையும் தொடலை" என்று ஒருவர் சொல்வார். பொய் சொல்லவில்லை. சில மீன் தொடாது. ஆயிரம் லிட்டருக்கு மேல் தொட்டி, கடித்தால் கசக்கிற லெதர் பவளங்கள், ஒரு நாளைக்கு நாலு வேளைத் தீனி என்று வைத்துச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எந்தக் குட்டி கடிக்கும், எது கடிக்காது என்று கடைக்காரருக்கும் தெரியாது, மீனுக்கும் தெரியாது. மூன்றாவது வருஷம் ஒரு நாள் திடீரென்று ருசி கண்டுகொள்ளும். அப்போது அதைப் பிடித்து வெளியே எடுக்க வேண்டுமென்றால், ஒரு வருஷமாக அடுக்கிய அத்தனை பாறையையும் பிரிக்க வேண்டும். வலையில் விழுந்தாலும் சும்மா வராது. இதன் விஞ்ஞானப் பெயரான போமகாந்தஸ் என்பதற்கே 'மூடியில் முள்' என்றுதான் அர்த்தம். செவுள் மூடியில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முள் வலையில் மாட்டிக்கொள்ளும்.

கடிக்காமலே இருந்தாலும், நாலு வேளை சாப்பிடுகிற மீன் நாலு வேளைக்கும் சேர்த்துக் கழிக்கும். நைட்ரேட் ஏறும். பவளம் பல்லால் சாகாவிட்டால் தண்ணீரால் சாகும்.

இன்னொரு கட்சி உண்டு. "வஞ்சிரத்தை வறுத்துத் தின்கிறோம், ஒரு ஏஞ்சலைத் தொட்டியில் வைத்தால் பாவமா?" நியாயமான கேள்வி. எம்பரர் அழிந்துகொண்டிருக்கும் இனம் என்று நான் புளுக மாட்டேன். அப்படி இல்லை. நம் மன்னார் வளைகுடாவிலேயே இருக்கிறது. ஆனால் வஞ்சிரம் பிடிக்கிறவர் பாறைக்குள் விஷம் அடிப்பதில்லை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாப் பக்கம் 1960-கள் தொடங்கி அலங்கார மீன் பிடிக்க சோடியம் சயனைடைப் பாட்டிலில் கரைத்து, பவள இடுக்கில் பீய்ச்சி, மீனை மயக்கி எடுத்திருக்கிறார்கள். சட்டம் தடுத்தும் முழுசாக நிற்கவில்லை. மயங்கிய மீன் கண்ணாடிக்குள் பளபளவென்று நீந்தும். சில வாரத்தில் காரணமே தெரியாமல் போய்ச் சேரும். பீய்ச்சிய இடத்துப் பவளமும் சேர்ந்து செத்திருக்கும். வறுத்த வஞ்சிரத்துக்கு ஒரு நாள் சாவு. இதற்குத் தவணை முறையில்.

நம் அரசாங்கம் பவளப் பாறை கட்டும் கடினப் பவளங்களை 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலி இருக்கிற அதே அட்டவணை. தூத்துக்குடிக் கரையோரம் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி அள்ளிய ஊர் நம் ஊர். 2010, 2016 வெப்பத்தில் மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்துப் போனதையும் பார்த்தோம். மிச்சம் இருப்பதற்குக் களையெடுக்கிற மீனையும் அங்கிருந்து எடுத்து வந்து, வரவேற்பறையில் வைத்து, "நான் இயற்கையை ரசிக்கிறேன்" என்று சொல்வதற்கு ஒரு தனி தைரியம் வேண்டும்.

அந்த தைரியம் எனக்கும் இருந்தது. 2009-ல் வாங்கினேன், ஒரு எம்பரர் குட்டி. பத்து ரூபாய் நாணயம் மாதிரி இருந்தது. பையன் 'ராஜா' என்று கூப்பிடுவான். கண்ணாடிப் பக்கம் விரலைக் கொண்டுபோனால் ஓடி வரும். இரண்டாவது வருஷம் வட்டங்கள் கலைய ஆரம்பித்தன. தொட்டிக்குள் மேலும் கீழும், மேலும் கீழும், பெண்டுலம் மாதிரி நடை. பவளங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. பிறகு ராஜாவின் முகத்தில், கண்ணைச் சுற்றி, சின்னச் சின்னக் குழிகள். அம்மை வடு மாதிரி. பெரிய ஏஞ்சல்களைச் சின்ன இடத்தில், அரைகுறைச் சாப்பாட்டில் அடைத்தால் வருகிற வியாதி என்று பிறகுதான் படித்தேன். பாறையைப் பிரித்து, பிடித்து, பாலிதீன் பையில் போட்டு, வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது விக்காது சார்" என்றார். ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அடுத்த வாரம் போனபோது அந்தத் தொட்டி காலி. நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பையனிடம், "ராஜா கடலுக்குப் போயிட்டான்" என்றேன்.

நிஜமாகவே கடலில் விடலாமே என்றால், அதுவும் கூடாது. 1985-ல் ஃப்ளோரிடா கடலில் முதல் சிங்க மீனைப் பார்த்தார்கள். தொட்டியிலிருந்து யாரோ விட்டிருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான முடிவு. இன்றைக்குக் கரீபியன் முழுக்க அது கும்மாளம் போடுகிறது. தொட்டியிலிருந்து கடலுக்குத் திரும்பும் வழி ஒருவழிப் பாதை இல்லை, மூடிய பாதை.

ஆகவே, எந்தப் பெரிய ஏஞ்சலைத் தேர்ந்தெடுப்பது என்றால் என் பதில்: வீட்டு ரீஃப் தொட்டிக்கு எதுவுமே வேண்டாம். ஏஞ்சல்தான் வேண்டும், பவளம் வேண்டாம் என்றால் 800 லிட்டர் வைத்து ஒரே ஒரு மீனுக்கு வாழ்நாள் கொத்தடிமையாக இருங்கள். அப்போதும் பாலித் தீவில் பண்ணையில் பொரித்து வளர்த்த குட்டி கிடைக்கிறதா என்று கேளுங்கள். விலை அதிகம், இருக்கட்டும். பவளமும் வேண்டும், ஏஞ்சலும் வேண்டும் என்றால் மிதக்கும் உயிர்த்துகள்களைத் தின்னும் லமார்க் ஏஞ்சல் வகை ஓரளவு யோக்கியன். அதற்கும் நாலடி போதாது. நாலடிக்கு ஏற்றது 'நீமோ' என்று குழந்தைகள் கூப்பிடும் கிளவுன் மீன். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் அதைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறார்கள். கடலைத் தொடாமல் கிடைக்கிற மீன். பெரும்பாலும் பத்து சென்டிமீட்டரைத் தாண்டாது. ஜோடி சேர்ந்தால் உங்கள் தொட்டியிலேயே முட்டை போடும். அப்பா மீன் விசிறிக்கொண்டே காவல் காக்கும். இதைவிட என்ன வேடிக்கை வேண்டும்?

நேற்று ராத்திரி வாட்ஸப்பில் மச்சினன் ஒரு படம் அனுப்பியிருந்தான். தொட்டியின் குறுக்கே இன்ச் டேப். 45. கீழே இரண்டு வரி: "மாமா, எனக்குப் புரிஞ்சுடுச்சு. உங்க மருமக எம்பரர்தான் வேணும்னு அழுவுறா, நீங்களே வந்து பேசுங்க."

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அவளுக்கு வயது ஏழு. ராஜா கடலுக்குப் போய்விட்டான் என்று இந்தத் தடவை சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்வேன்.