வழுக் காண்டலும் அதனை அறிவித்தலும்

ஒரு கருவியிற் குறை கண்டவன் கடமை யாது? அதனைச் சுற்றிக் கடந்துபோதல் எளிது. கண்டவாறு ஆராய்ந்து, திருத்துவோர்க்கு எடுத்துரைத்தல் அரிது. திறமூல மென்பொருள்கள் யாவரும் படிக்குமாறு திறந்துள்ளன. எனினும், பழுது கண்டு உரைப்பார் இலராயின் அத்திறப்பினாற் பயன் என்னை?

ஓர் உதாரணம் காண்போம். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்திற்கும் ஜாவா நிரல்களுக்கும் இடையே தூது செல்வது ஓர் இயக்கி. நிரலானது வினவலில் வெற்றிடம் விட்டு, அதற்குரிய மதிப்பைத் தனியே கொடுக்கும். இயக்கியின் 'எளிய முறை'யில் அம்மதிப்பை இயக்கியே வினவலினுள் எழுதிவிடும். வெற்றிடத்தின் முன் கழித்தற்குறி நிற்க, வரும் எண்ணும் எதிர்ம எண்ணாயின், இரு கழித்தற்குறிகள் அடுத்தடுத்து நிற்கும். தரவுத்தள மொழியில் அவ்விரட்டைக்குறியின் பொருள் வேறு: அவ்வரியின் எஞ்சிய பகுதி வெறுங் குறிப்புரை என்பதே. நிலைமொழியும் வருமொழியும் புணருமிடத்து விகாரம் தோன்றுமென்று நன்னூலிற் பயின்றோம். இங்கே திரிந்தது எழுத்தன்று, பொருள். அதே வரியிற் பின்வரும் வெற்றிடத்தில் ஒரு வஞ்சகன் புதுவரிக்குறியோடு கூடிய தொடரை இடுவானாயின், அவன் சொல் கட்டளையாகிவிடும். பிறர் செய்திகளை அவன் படிக்கவும் மாற்றவும் கூடும்.

இவ்வழு 2024-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வெளியான 42.7.2 என்னும் பதிப்பில் நீக்கப்பட்டது. மருந்து மிகச் சிறிது: மதிப்பை அடைப்புக்குறிக்குள் இடுதல். நோயின் மூலம் தெளிந்தமையாலன்றோ மருந்து சிறிதாயிற்று! கண்டவர் தம் நிரலில் மட்டும் எதிர்ம எண்ணை விலக்கி வாளாவிருந்திருப்பின், ஏனையோர் இடர் நீங்கியிராது.

"வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதுவது முறையீடேயன்றி அறிக்கையாகாது. எப்பதிப்பு, எவ்வுள்ளீடு, எதிர்பார்த்தது யாது, கிடைத்தது யாது என்பவற்றைக் கூறி, வழுவை மீண்டும் காட்டவல்ல மிகச் சிறிய நிரலையும் உடன் அனுப்புதல் வேண்டும். இத்தகைய கேடு பயக்கும் வழுவாயின், திருத்தம் வருமுன் அம்பலப்படுத்தாது, பொறுப்பாளர்க்குத் தனியே தெரிவித்தலே அறம். அவருட் பலர் ஊதியமின்றி உழைப்போராதலின், சினந்தெழுதுதலும் தகாது.

"திருத்துதல் வல்லார் பணி, நமக்கென்ன?" என்பாருமுளர். வழியிற் குழி கண்டு தான் மட்டும் விலகிப் போனவன், பின்வருவோன் விழுதற்குப் பொறுப்பல்லனோ? கணினி பயிலும் நண்பர்காள்! நிரல் எழுதுவோர் பலர். வழுவை நேர்மையுடன் அறிவிப்போர் சிலர். அச்சிலருள் நீவிரும் ஒருவராகுக.