பதக்கம் அசல்தான், கதை அசலா?



போன வாரம் ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். பிரான்சுக்கு எதிராக ஜெர்மானியர் நடத்திய 1870-71 போரின் பதக்கம். நாடாவின் மேல் ஐந்து சிறு உலோகப் பட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு போர்க்களத்தின் பெயர். "டீச்சர், எல்லாமே அசல் என்கிறார் விற்கிறவர். வாங்கலாமா?" என்று கேட்டிருந்தான். "வாங்காதே" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். ஏன் என்று கேட்டான். அதற்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டதால் எல்லோருக்குமாக இங்கே போடுகிறேன்.

டீச்சருக்கும் ஜெர்மன் பதக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிப்பீர்கள். மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் 'செடான்' என்று பெயர் பொறித்த பட்டை ஒன்றை வாங்கினேன். மங்கலாக இருக்கிறதே என்று, குத்துவிளக்கு துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்தேன். மாடி வீட்டில் ஓய்வுபெற்ற ஜெர்மானியர் ஒருவர் இருந்தார், பதக்கம் சேகரிப்பவர். அதைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் அழுக்கோடு சேர்த்துப் பழைய தங்க முலாமையும் தேய்த்து எடுத்திருந்தேன்! அன்றிலிருந்து அவர் சொல்லிக்கொடுக்க, மகன் தமிழில் சொல்ல, நான் மாணவியாக உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டேன்.

முதல் பாடம், ஆண்டு. இந்தப் பதக்கத்தை 1871 மே மாதம் பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் ஏற்படுத்தினார். களத்தில் போரிட்டவர்களுக்கு, கைப்பற்றிய பிரெஞ்சு பீரங்கிகளை உருக்கிச் செய்த வெண்கலப் பதக்கம். போரிடாமல் பணி செய்தவர்களுக்கு எஃகுப் பதக்கம். ஆனால் போர்க்களப் பெயர் தாங்கிய பட்டைகள் அப்போது கிடையாது. போரின் வெள்ளி விழாவை ஒட்டி, 1895-இல்தான் இரண்டாம் வில்ஹெல்ம் அவற்றை அனுமதித்தார். ஆகவே "செடான் சண்டையிலேயே இறந்துபோன வீரர் அணிந்திருந்த பட்டை" என்று யாராவது விற்றால், பட்டையைக் கையில் எடுத்துப் பார்க்கவே வேண்டாம். செடான் சண்டை நடந்தது 1870 செப்டம்பர் 1.

இரண்டாவது பாடம், உலோகம். வெண்கலத்தில் காந்தம் ஒட்டாது, எஃகில் ஒட்டும். எஃகுப் பதக்கத்தில் போர்க்களப் பட்டை கோத்திருந்தால் சந்தேகப்படுங்கள், அது போரிட்டவர்களுக்கு உரியது. அச்சில் அடித்த எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். பழைய பட்டையை வைத்து வார்ப்பு எடுத்துச் செய்த போலியில் எழுத்து மழுங்கியிருக்கும், ஊசிக் குத்துபோல் குழிகள் தெரியும். ஆனால் எழுத்தின் வடிவம் கொஞ்சம் மாறுகிறது என்பதற்காக மட்டும் போலி என்று சொல்லிவிடாதீர்கள். பட்டைகளைப் பலர் செய்து விற்றார்கள், வீரர்கள் கைக்காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள்.

மூன்றாவது பாடம்தான் என் மாணவனுக்கு உரியது. அவன் அனுப்பிய படத்தில் 'பாபோம்' என்று ஒரு பட்டை, 'லிசேன்' என்று இன்னொன்று. பாபோம் பிரான்சின் வடக்கே இருக்கிறது, அங்கே சண்டை நடந்தது 1871 ஜனவரி 3. லிசேன் ஆற்றங்கரை கிழக்கு எல்லையில் பெல்ஃபோர்ட் அருகே, அங்கே ஜனவரி 15 முதல் 17 வரை. இரண்டு இடத்திலும் போரிட்டவை வேறு வேறு படைகள். படைப்பிரிவோடு நடந்த ஒரு சாதாரண வீரன் இரண்டுக்கும் எப்படி உரிமை பெறுவான்? பதக்கம் அசலாக இருக்கலாம், ஐந்து பட்டைகளும் தனித்தனியே அசலாகவே இருக்கலாம். யாரோ விலை கூட்டுவதற்காகக் கோத்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

"எல்லாம் அசல் என்றால் என்ன நஷ்டம் டீச்சர்?" என்று கேட்பீர்கள். இரண்டு பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலை ஒன்றாகப் பின் அடித்து, மூன்றாவது பிள்ளையுடையது என்று கொடுத்தால் ஒப்புக்கொள்வோமா? தாளும் அசல், முத்திரையும் அசல். ஆனால் அப்படி ஒரு பிள்ளை வகுப்பில் உட்காரவே இல்லையே! இந்தப் பதக்கமும் அப்படித்தான், இல்லாத ஒரு வீரனை உண்டாக்கிவிடுகிறது. உண்மையில் ஒரே ஒரு களம் கண்டு ஊர் திரும்பியவனின் கதை அதற்குள் தொலைந்துபோகிறது.

முதல் உலகப் போருக்குப் போன நம் வீரர்கள் பெற்ற பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். இந்த ஜெர்மன் பதக்கத்தில் பெயர் கிடையாது. எனவே வீரரின் பெயரும் படைப்பிரிவும் எழுதிய சான்றிதழ் கூடவே இருந்தால் அதற்குத்தான் பணம் கொடுக்கலாம். அதில் இரண்டு பட்டைதான் இருக்கிறதா? இருக்கட்டும். ஐந்து பட்டை கோத்த பெயரில்லாத பதக்கத்தைவிட அதுவே மேல் என்பது என் கட்சி. குறைவாக வாங்கினாலும் பிரிக்காமல், சேர்க்காமல், தேய்க்காமல் வைத்திருப்பவரே சேகரிப்பாளர்.

என் செடான் பட்டை இன்றும் பீரோவில் இருக்கிறது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன்: "1895-இலோ அதற்குப் பிறகோ செய்தது. யாருடையது என்று தெரியாது. முலாம் போனது என்னால்." நாளை பேரப்பிள்ளைகள் யாரிடமும் பொய் சொல்லி விற்றுவிடக் கூடாது அல்லவா?

உங்கள் வீட்டிலும் தாத்தாவின் பதக்கம் ஏதாவது இருந்தால் படம் போடுங்கள், பார்க்க ஆசை. தயவுசெய்து புளி மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்