'ரெஸ்ட் எடுங்க டீச்சர்' என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்



இது நீளமான பதிவு. பாதியில் லைக் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் இப்போதே ஓடிவிடலாம். மற்றவர்கள் ஒரு டம்ளர் காபியோடு உட்காருங்கள்.

எனக்கு வலது முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து நேற்றோடு ஆறு வாரம். நன்றாக இருக்கிறேன். விசாரித்த எல்லோருக்கும் நன்றி. நன்றி இத்தோடு முடிந்தது. இனிமேல் எழுதப்போவது சண்டை.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் வழிச் சொந்தத்தில் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். பெயர் வேண்டாம், அவருக்கே தெரியும். கையில் ஒரு கிலோ சாத்துக்குடி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். அந்த நேரம் நான் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மருமகள் தரையில் உட்கார்ந்து என் கணுக்காலைப் பிடித்துக் கட்டிலுக்கு அடியில் மெதுவாகத் தள்ளிக்கொண்டிருக்கிறாள். நான் "விடும்மா, விடும்மா" என்று கத்துகிறேன். கண்ணில் தாரையாகத் தண்ணீர். அவள் "இன்னும் அஞ்சு எண்ணுங்க அத்தை" என்கிறாள். வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். காபி குடித்தார், போய்விட்டார்.

அன்று ராத்திரி குடும்ப குரூப்பில் ஒரு வரி: "பெத்த பொண்ணா இருந்தா இப்படிப் பண்ணுவாளா?"

மறுநாள் மத்தியானத்துக்குள் செய்தி காஞ்சிபுரத்திலிருந்து கோயம்புத்தூர் வரை போய்விட்டது. டீச்சரை மருமகள் வதைக்கிறாளாம். மூன்று பேர் என் மகனுக்குப் போன் போட்டார்கள். "ஒரு நர்ஸ் வெச்சு அம்மாவை நிம்மதியாப் படுக்க விடுப்பா" என்று ஒருவர் புத்தி சொன்னார். அந்தப் பெண் யாரிடமும் பதில் பேசவில்லை. அடுப்படியில் நின்று மூக்கை உறிஞ்சியது மட்டும் எனக்குக் கேட்டது. மறுநாள் காலை ஆறரைக்கு வழக்கம் போல வந்து காலைப் பிடித்தாள்.

அவள் பேசாததை நான் பேசுகிறேன்.

முட்டி மாற்று சிகிச்சை என்றால் முட்டியையே கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தேய்ந்துபோன எலும்பு முனைகளைச் சீவிவிட்டு மேலும் கீழும் உலோக மூடி போடுகிறார்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. டாக்டர் வேலை ஒன்றரை, இரண்டு மணி நேரம். அவர் கையைக் கழுவிக்கொண்டு போன பிறகு உடம்பு தன் வேலையைத் தொடங்குகிறது. வெட்டுப்பட்ட இடத்தில் எல்லாம் உள்ளே தழும்புத் தசை வளரும். காலை அசைக்காமல் வைத்திருந்தால் அந்தத் தழும்பு, சிமெண்ட் இறுகுவது போல இறுகிவிடும். முதல் ஆறு வாரமும் அதற்கடுத்த ஆறு வாரமும்தான் நமக்குக் கொடுத்திருக்கிற அவகாசம். அதைத் தவறவிட்டால் மறுபடி மயக்க மருந்து கொடுத்து டாக்டரே மடக்க வேண்டியிருக்கும். அதற்கும் காலம் கடந்துவிட்டால் அவ்வளவுதான். லட்சக்கணக்கில் செலவழித்து வாங்கிய முட்டி மடங்காத மரக்கட்டையாகக் கிடக்கும்.

முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குக் கோணமானி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். ஃபிசியோதெரபிஸ்ட் பெண் மேடவாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். அவள் பையில் இரண்டு கை வைத்த பிளாஸ்டிக் கோணமானி ஒன்று. நாம் கணக்கில் நேர்கோணத்தை 180 என்போம். அவர்கள் நேராக நீட்டிய காலைப் பூஜ்யம் என்கிறார்கள். முதல் நாளே இதைப் பற்றி அவளோடு வாதாடிவிட்டேன். பாவம், சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். சமதளத்தில் நடக்க ஏறக்குறைய 65 பாகை மடங்கினால் போதும். படி ஏற 85 வேண்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ 95 பக்கம் வேண்டும். வீட்டுக்கு வந்த அன்று எனக்கு 70. அந்தச் சாத்துக்குடி வந்த அன்று 82. நேற்று 112. அந்த 30 பாகையும் அந்தப் பெண்ணின் கைகள் கொடுத்தவை. ஃபிசியோ வாரத்துக்கு மூன்று நாள்தான் வருவாள். மீதி நாளெல்லாம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, அவள் சொல்லிக்கொடுத்தபடி செய்தது மருமகள்தான். அதுவும் ஆபீஸ் வேலையை லேப்டாப்பில் பார்த்துக்கொண்டே.

இனி என் பெரியக்கா கதை. அக்கா அனுமதி கொடுத்துவிட்டாள், எழுதுகிறேன்.

2014-இல் அக்காவுக்கு இரண்டு முட்டியும் மாற்றினோம். அவள் மகன் கடன் வாங்கிச் செய்தான். நல்ல டாக்டர், ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை. பெருங்களத்தூர் வீட்டுக்கு வந்ததும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவளைத் தாங்கினோம். அந்தத் தாங்கல்தான் வினை. பாத்ரூமுக்குக் கூட நடக்க விடவில்லை. சாப்பாடு கட்டிலுக்கே வந்தது. ஃபிசியோ வந்து மடக்கியபோது அக்கா அலறினாள். நான்காம் நாளே "போதும்ப்பா, இவளால தாங்க முடியல" என்று அவரை நிறுத்திவிட்டோம். காலுக்கு அடியில், சரியாக முட்டிக்குக் கீழே, ஒரு தலையணை வைத்தோம். இதமாக இருந்தது அக்காவுக்கு. அந்தத் தலையணையை வைத்தவள் நான்.

முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் கால் எந்நேரமும் லேசாக மடங்கியே இருக்கும். பின்பக்கத் தசை அப்படியே சுருங்கிப் போகும். பிறகு கால் நேராகவே நீளாது. எதையாவது வைத்தே தீர வேண்டுமென்றால் குதிகாலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள், முட்டி தானாகக் கீழே இறங்கட்டும். இது எனக்கு அன்று தெரியாது. அக்காவின் கால் இன்று முழுதாக நீளவும் நீளாது, 60 பாகைக்கு மேல் மடங்கவும் மடங்காது. பதினோரு வருஷமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். பேத்தி கல்யாணத்துக்கு மண்டபத்தில் நான்கு பேர் நாற்காலியோடு தூக்கிப் படியேற்றினோம். இப்போது தினமும் வீடியோ காலில் கூப்பிட்டு "இன்னிக்கு எத்தனை?" என்று மட்டும் கேட்கிறாள். நான் எண்ணைச் சொல்வேன். வைத்துவிடுவாள்.

அக்காவிடம் நாங்கள் காட்டிய பாசத்தைத்தான் இப்போது என்னிடமும் காட்டச் சொல்கிறீர்கள்.

"வாஜ்பாயியே ஆபரேஷன் பண்ணிக்கிட்டு நடக்க முடியாமத்தானே இருந்தார்" என்று ஒரு மச்சினர் ஆறுதல் சொன்னார். (ஆறுதலாம்!) நம் ஊரில் இந்த ஆபரேஷன் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்ததே அவரால்தான். 2000 அக்டோபரில் மும்பை ப்ரீச் கேண்டி மருத்துவமனையில் இடது முட்டி, 2001 ஜூன் தொடக்கத்தில் வலது முட்டி. நியூயார்க்கிலிருந்து டாக்டர் ரணாவத் வந்து செய்தார். நடை மெதுவானதைத்தான் எல்லோரும் டிவியில் பார்த்தார்கள். வயது 75-ஐத் தாண்டியவர். இரண்டாவது முட்டி மாற்றிய ஐந்தாறு வாரத்தில், ஜூலை நடுவில், ஆக்ராவில் முஷாரஃபோடு பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார். 2004 வரை நாட்டை ஆண்டார். எனக்கு ஆக்ரா எல்லாம் வேண்டாம், சிட்லபாக்கம் ஏரிக்கரையில் ஒரு சுற்று போனால் போதும்.

படுத்தே கிடந்தால் இன்னொரு ஆபத்து. கெண்டைக்காலில் ரத்தம் உறைந்து கட்டியாகி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளலாம். அதனால்தான் ஆபரேஷன் முடிந்த மறுநாளே, சில இடங்களில் அன்றைக்கே, வாக்கரைக் கொடுத்து எழுப்புகிறார்கள். பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள். இதைக் கொடுமை என்கிறவர்கள் முதலில் அந்த டாக்டர்கள் மேல் கேஸ் போடட்டும்.

வந்தவர்கள் கொடுத்த யோசனைகளுக்குத் தனி நோட்டுப் போடலாம். கத்திரிக்காய் கூடாது, உருளைக்கிழங்கு வாயு, முட்டை சூடு. தையல் ஆறவும் தசை தேறவும் புரதம் வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மருமகள் தினமும் இரண்டு முட்டை அவித்து வைக்கிறாள். அதற்கும் ஒரு முகச்சுளிப்பு. ஒருவர் தைலம் கொண்டுவந்து தையல் மேலேயே உருவிவிடப் பார்த்தார். நான் வாக்கரை நடுவில் வைத்துத் தப்பித்தேன். "வலி மாத்திரை பழக்கமாயிடும், போடாதே" என்றார் இன்னொருவர். மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி முன்னால் போடுகிறேன், அப்போதுதான் மடக்க முடிகிறது. மாத்திரையும் வேண்டாம், வலியும் வேண்டாம் என்றால் மிச்சமிருப்பது படுக்கை ஒன்றுதான்.

வலி எல்லாமே நல்ல வலி என்று சொல்லவில்லை. காய்ச்சல் வந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ உடனே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐக் கூப்பிட வேண்டும். பயிற்சி முடிந்து ஐஸ் வைத்த பிறகும் வீக்கம் ஏறிக்கொண்டே போனால் அன்றைக்குக் குறைக்க வேண்டும். இதையெல்லாம் அந்தப் பெண் ஒரு தாளில் எழுதிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். வதைக்கிறவள் எழுதுகிற தாளா அது?

பணக் கணக்கையும் பார்ப்போம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முட்டிக்கு உச்சவரம்பு விலை வைத்தது. பெரும்பாலானவர்களுக்குப் போடுகிற கோபால்ட் குரோமியம் வகைக்கு 54,720 ரூபாய், வரி தனி. அதற்கு முன் சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் வைத்து விற்றார்கள். நல்ல காரியம், மறுக்கவில்லை. உலோகத்துக்கு ரூபாய் சுத்தமாக விலை வந்துவிட்டது. அதை மடக்கிவிடுகிற கைக்கு? என் மகன் கம்பெனி பாலிசியில் ஆபரேஷன் பில் முழுதும் வந்தது. வீட்டுக்கு வந்த ஃபிசியோ பில்லை மட்டும் இரண்டு முறை கேள்வி கேட்டுத் திருப்பினார்கள். ஒரு தடவைக்கு ஐநூறு ரூபாய், அவ்வளவுதான். அதை மிச்சம் பிடிக்கப் பார்க்கிற இவர்களுக்கும் குரூப்பில் எழுதிய அம்மாளுக்கும் நினைப்பு ஒன்றே: ஆபரேஷனோடு வைத்தியம் முடிந்தது.

ஐநூறும் முடியாத வீடுகளுக்காக ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து பகிருங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இருக்கிறதல்லவா? சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வருவது எல்லோருக்கும் தெரியும். வீடு தேடி வந்து ஃபிசியோதெரபி செய்வதும் அதில் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். என் தெருவிலேயே பக்கவாதம் வந்தவர் வீட்டுக்கு இது தெரியவில்லை.

இன்னொரு வேடிக்கை. "படுத்தே இருங்க" என்ற அதே வாய், மூன்றாம் வாரத்தில் "அப்போ சமையல் யாரு?" என்று கேட்டது. பயிற்சிக்கு எழுந்தால் கொடுமை, சாம்பார் வைக்க எழுந்தால் தேறிவிட்டாள். என் மாணவிகளே, உங்கள் அம்மாவுக்கு இந்த ஆபரேஷன் நடந்தால் அடுப்படியில் இரண்டு மணி நேரம் நிற்பதை நடைப்பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வெறும் வீக்கம். மாணவர்களே, "என் ஒய்ஃப் பார்த்துக்குறா" என்று ஒதுங்காதீர்கள். அம்மா கணுக்காலைப் பிடிக்க உங்களுக்கும் இரண்டு கை இருக்கிறது. என் மகனுக்கு இதை நேரிலேயே சொல்லிவிட்டேன். இப்போது ராத்திரி முறை அவனுடையது. அவனிடம் நான் இன்னும் அதிகமாகக் கத்துகிறேன், சரியாக எண்ணத் தெரியவில்லை. கணக்கு டீச்சர் மகன்!

நாங்கள் இருப்பது கேம்ப் ரோடு பக்கம், முதல் மாடி, லிஃப்ட் கிடையாது. பதினெட்டுப் படி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். நான்காம் வாரம் முதல் தடவை கீழே இறங்கினேன். தெருவில் நடைபாதை என்று ஒன்று இல்லை. கால்வாய் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, மீதி இடத்தில் பைக். வாக்கர் நான்கு காலும் சமமாக ஊன்ற இடம் தேடியே பாதி நேரம் போகிறது. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

பார்க்க வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள். காலை பதினோரு மணிக்கு வந்தால் என்னோடு தெருமுனை மளிகைக்கடை வரை நடக்கலாம், ஒரு ஆள் துணை வேண்டியிருக்கிறது. ஹார்லிக்ஸ் போதும், ஐந்து பாட்டில் சேர்ந்துவிட்டது. முட்டை வாங்கி வாருங்கள். நான் கத்திக்கொண்டிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள்.

குரூப்பில் அந்த வரியை எழுதியவருக்கு: அதை அழித்தால் போதாது. என் மருமகளுக்குப் போன் செய்யுங்கள். நம்பர் உங்களிடம் இருக்கிறது.