இரண்டாவது ரயில்

"ரயில்ல ஏறிக்கினா நீ எந்தத் தெருன்னு எவனும் கேக்கமாட்டான்டா. எறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தாத்தான் கேப்பான்."

இது என் ஆயா சொன்னது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்துச் சேரி ஒன்றிலிருந்து விடியற்காலையில் கீரைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்து, வண்டி பிடித்து, கொருக்குப்பேட்டையில் இறங்கி விற்றுவிட்டுப் பொழுது சாயத் திரும்பியவள். கரி வண்டிக் காலத்திலிருந்து எலெக்ட்ரிக் வண்டிக் காலம்வரை அவளுக்கு அதுதான் பிழைப்பு. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ரயிலுக்கும் சாதிக்கும் உள்ள உறவைப்பற்றி நான் படித்தவர்கள் யாரும் அவளைவிடச் சரியாகச் சொல்லவில்லை.

படித்தவர்களில் பெரியவர் மார்க்ஸ். 1853இல் நியூயார்க் டெய்லி டிரிப்யூன் பத்திரிகையில் இந்தியாவைப்பற்றி எழுதியபோது, ரயில் வந்தால் அதன் பின்னால் நவீனத் தொழில் வரும், அந்தத் தொழில் பரம்பரை வேலைப்பிரிவினையைக் கரைக்கும், அந்தப் பிரிவினைமேல் நிற்கிற சாதியும் அதோடு கரையும் என்று கணக்குப் போட்டார். அவர் எழுதி மூன்றே ஆண்டுகளில் தென்னிந்தியாவின் முதல் ரயில் நம் பக்கத்தில்தான் ஓடியது. ராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வழியாக வாலாஜா ரோடு வரைக்கும் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம், 1856 சூலை 1 முதல் பொதுமக்களுக்கு. இப்போது கிட்டத்தட்ட 170 ஆண்டுகள் ஆகின்றன. பின்னால் தொழிற்சாலையும் வந்துவிட்டது. மார்க்சின் கணக்கைச் சரிபார்க்க திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிச் சேரிக்காரர்களைவிடத் தகுதியான ஆட்கள் யார் இருக்கிறார்கள்?

தொடக்க விழாவிலிருந்தே பார்ப்போம். அன்றைக்கு ராயபுரத்திலிருந்து இரண்டு ரயில்கள் கிளம்பின. ஒன்றில் ஆளுநர் ஹாரிஸ் பிரபுவும் 300 ஐரோப்பியர்களும். இன்னொன்று திருவள்ளூர் வரைக்கும். அதில் இந்தியர்கள். நம் வரலாற்று ஆசிரியர்கள் இதை ஒரு சுவையான தகவலாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நாம் அப்படிப் போக முடியாது. தண்டவாளம் ஒன்றுதான், ஆனால் ரயில் இரண்டு என்பது முதல் நாளே முடிவாகிவிட்டது. மண் வெட்டிச் சுமந்த கூலிகள் இரண்டிலும் இல்லை.

ரயில் நமக்கு ஒன்றும் தரவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அன்று திருவள்ளூரும் பொன்னேரியும் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. அந்த மாவட்டத்தில் பறையர்கள் நிலமில்லாமல், கடனால் பண்ணையோடு கட்டப்பட்டுக் கிடந்ததை 1891இல் கலெக்டர் டிரெமன்ஹீர் அறிக்கையாக எழுதினார். அதன் விளைவாகத்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அப்படிப்பட்ட ஊரில் ரயில் என்பது வெறும் வண்டி அல்ல. காலனா அரையணா சேர்த்து டிக்கெட் வாங்கி ஏறிவிட்டால் பண்ணையார் கைக்கு எட்டாத தூரம் போய்விடலாம். பட்டணத்தில் துறைமுகம் இருந்தது, மில் இருந்தது. 1899இல் வடக்குத் தடமும் கூடூர் வழியாக பெஜவாடாவோடு இணைந்தது. 1979இல் கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் இரண்டு தடங்களும் மின்மயமாயின. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி 48 கிலோமீட்டர். சீசன் டிக்கெட் எடுத்தால் ஒரு சேரிப் பையன் தினமும் பட்டணம் போய்க் கல்லூரியில் படித்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். இந்தக் கட்டுரையை எழுதுகிறவன் அப்படிப் படித்தவன்தான். நம் பகுதியில் முதல் பட்டதாரிகளை உண்டாக்கியதில் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த பங்கு அந்தப் பச்சை மஞ்சள் பெட்டிகளுக்கு உண்டு.

ஆக, ரயில் உடம்புகளைக் கலந்தது. ஆறுபேர் சீட்டில் எட்டுப்பேர் உட்காரும்போது தீண்டாமை பார்க்க இடம் கிடையாது. ஆனால் வேலையைக் கலந்ததா? இங்கேதான் கணக்கு தப்புகிறது.

1893இல் தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்சுபர்க் ரயில் நிலையத்தில் காந்தியை வண்டியிலிருந்து தள்ளிவிட்டது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். பாடப்புத்தகத்தில் உண்டு. 1901இல் மகாராட்டிரத்தில் மசூர் ரயில் நிலையத்தில் நடந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? அப்பாவைப் பார்க்கக் கோரேகாவ் போவதற்காகச் சில சிறுவர்கள் அங்கே இறங்கினார்கள். நல்ல உடை. பார்ப்பனப் பிள்ளைகள் என்று நினைத்து நிலைய அதிகாரி அன்பாக விசாரித்தார். மகார்கள் என்று தெரிந்ததும் முகம் மாறி விலகிப்போனார். எந்த வண்டிக்காரனும் ஏற்ற மாட்டேன் என்றான். கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே மாட்டை ஓட்ட, வண்டிக்காரன் பக்கத்தில் நடந்துவந்தான். அந்தச் சிறுவர்களில் ஒருவர் அம்பேத்கர். ரயிலுக்குள் நடக்காதது ஸ்டேஷனில் இறங்கினதும் நடந்தது. என் ஆயா சொன்னதும் இதுதான். அவளுக்கு மசூர் தெரியாது, கும்மிடிப்பூண்டி தெரியும்.

நம் மாகாணம் மட்டும் என்ன வாழ்ந்தது? ரயில் நிலையச் சாப்பாட்டுக்கூடங்களில் பார்ப்பனருக்குத் தனியிடம் என்று இருந்தது, பெரியார் இயக்கத்தின் கிளர்ச்சிக்குப் பிறகு 1941இல்தான் ஒழிந்தது. கூடத்துக்குள் மேல்சாதிகளும் இடைச்சாதிகளும் இடத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் நம் ஆட்கள் வெளியே தண்டவாளத்தில் ஜல்லி தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அது தற்செயல் இல்லை. 1938 பிப்ரவரியில் மன்மாட்டில் நடந்த தீண்டப்படாத ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் இதை அக்கக்காகப் பிரித்துக் காட்டினார். நம் ஆளை ஏன் போர்ட்டராகக்கூட எடுப்பதில்லை? போர்ட்டர் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டிலும் வேலை செய்யவேண்டும். தொட்டால் தீட்டு என்பவர் அவனை வீட்டுக்குள் எப்படி விடுவார்? பட்டறையில் போனால் கடைசிவரை கலாசி, மெக்கானிக் ஆகமுடியாது. தடத்தில் போனால் கடைசிவரை கேங்மேன். முதலாளியம் மட்டுமல்ல, பார்ப்பனியமும் தொழிலாளிக்கு எதிரி என்று அவர் சொன்னது அந்த மேடையில்தான். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலையாட்களையே பிரித்து ஒருவன்மேல் ஒருவனை அடுக்கிவைத்திருக்கிறது என்று 1936இல் எழுதியதற்கு ரயில்வேதான் கண்கண்ட சாட்சி. இதைத் தாண்டி வந்தது ரயிலால் அல்ல, இடஒதுக்கீட்டால்.

என் பெரியப்பா கேங்மேன். வெயிலிலும் மழையிலும் தடம் பார்த்து நடந்தே காலம் போனது. ஆனால் நிரந்தர வேலை. மாதம் பிறந்தால் சம்பளம், ஓய்வுக்குப் பிறகு பென்ஷன். அந்தப் பென்ஷனில் இரண்டு பேரப்பிள்ளைகள் படித்தார்கள். அவருடைய மருமகள், எனக்கு அண்ணி, இன்றைக்கு ஒரு ஸ்டேஷனில் காண்ட்ராக்டில் பெருக்குகிறாள். எந்த ஸ்டேஷன் என்று எழுதமாட்டேன், எழுதினால் வேலை போய்விடும். சம்பளச் சீட்டு கிடையாது. பி.எஃப். பிடிக்கிறார்களா, கட்டுகிறார்களா, தெரியாது. "கேட்டா நாளைலேர்ந்து வராதேன்றான் தம்பி. எனக்குப் பதிலா வர்றதுக்கு நாலு பேரு நிக்கிறாங்க, எல்லாம் நம்ப ஜனம்தான்" என்கிறாள்.

இரண்டு தலைமுறைக்கு நடுவில் நடந்தது என்ன? வேலை மாறவில்லை, வேலை செய்கிற சாதியும் மாறவில்லை. நிரந்தரமும் இடஒதுக்கீடும்தான் காணாமல் போயின. ஒப்பந்தத் தொழிலாளிக்கு இடஒதுக்கீடு கிடையாது என்பார்கள். ஆனால் துடைப்பத்தைப் பொறுத்தவரை நூற்றுக்கு நூறு நமக்கே ஒதுக்கியிருக்கிறார்கள். இந்த ஒதுக்கீட்டை எதிர்த்து எந்தத் 'தகுதி திறமை'க்காரனும் இதுவரை கோர்ட்டுக்குப் போகவில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். 2013 சட்டம் ரயில் தண்டவாளத்தைப் பெயர் சொல்லியே சேர்த்தது. கூடவே ஒரு ஓட்டையும் வைத்தது. மைய அரசு அறிவிக்கிற கருவியும் பாதுகாப்பு உடையும் கொடுத்துவிட்டால் அந்த ஆள் மலம் அள்ளுபவராகக் கருதப்படமாட்டார் என்பது விளக்கம். அதாவது கையுறை மாட்டினால் கொடுமை மறைந்துவிடும். 2014 மார்ச் 27 தீர்ப்பில் உச்சநீதிமன்றம், தண்டவாளத்தில் இந்த வேலையை ஒழிக்கக் காலவரையறையோடு திட்டம் போடும்படி ரயில்வேக்குச் சொன்னது. இப்போது பெட்டிகளில் உயிரிக் கழிப்பறை பொருத்தியாகிவிட்டது என்கிறது ரயில்வே. நல்லது, வரவேற்போம். ஆனால் அந்தக் கழிப்பறையைக் கழுவுவது யார், எந்தச் சாதி, என்ன கூலி என்று கேட்பதை நிறுத்தமாட்டோம்.

நம் எலெக்ட்ரிக் வண்டியில் அந்தப் பேச்சே இல்லை. அதில் கழிப்பறையே கிடையாது. அத்திப்பட்டுக்கு வடக்கே இரண்டே தடங்கள். எக்ஸ்பிரஸ், சரக்கு, புறநகர் எல்லாம் அதில்தான். எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு நம் வண்டி நிற்கும்போது, எட்டு மணிநேர ஷிப்ட் முடித்து நின்றுகொண்டே வருகிற பெண் என்ன செய்வாள்? ஸ்டேஷனில் இறங்கி ஓடினால் கழிப்பறை திறந்திருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா? தண்ணீர் குடிக்காமலேயே வேலைக்குப் போய்வருகிற பெண்களை எனக்குத் தெரியும். 2023இல் தொடங்கிய அமிர்த பாரத் நிலையத் திட்டத்தில் கும்மிடிப்பூண்டியும் திருவள்ளூரும் இருக்கின்றன. முகப்பு வரட்டும், எஸ்கலேட்டர் வரட்டும். யாருடைய தேவையை முதலில் வைத்துக் கட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் தொழிலாளர்களைப் பார்த்து, "இந்திக்காரன் வந்து நம்ப வேலையப் புடிங்கிக்கினான்" என்று நம் இளைஞர்களே பேசுகிறார்கள். வேலையைப் பிடுங்கியது அவன் இல்லை. உள்ளூர்ச் சேரிப் பையன் சங்கம் வைப்பான், லீவு கேட்பான் என்று பயந்து, கேட்க நாதியில்லாதவனை மேஸ்திரி மூலம் இறக்குகிற முதலாளி. 2023 சூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் பக்கத்தில் மோதிய கோரமண்டல் எக்ஸ்பிரஸ் சென்னைக்கு வந்துகொண்டிருந்த வண்டி. நம் கும்மிடிப்பூண்டித் தடத்தில்தான் அது வந்து சேரும். அந்த விபத்தில் 290க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். முன்பதிவில்லாப் பெட்டிகளில் திணிந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் நம்மைப்போலக் கூலிக்கு வந்தவர்கள். யாரும் உரிமை கோராத 28 உடல்களை நான்கு மாதம் கழித்து புவனேசுவரத்தில் எரித்தார்கள். பெயர்கூட இல்லாமல் எரிந்தவனை எதிரி என்று சொல்ல நமக்கு வாய் வரக்கூடாது. 1856இல் நம்மை ஏற்றிய இரண்டாவது ரயிலில் இன்றைக்கு அவனும் ஏறியிருக்கிறான், அவ்வளவுதான்.

மார்க்சின் கணக்கில் விடுபட்ட இடம் இதுதான். தண்டவாளமும் ஆலையும் தானாகச் சாதியைக் கரைக்காது. சாதி அவற்றில் ஏறி உட்கார்ந்து சௌகரியமாகப் பயணம் செய்யும். இறக்கிவிட ஆள் வேண்டும். இடதுசாரித் தொழிற்சங்கத் தோழர்கள் கூலி உயர்வு கேட்கிறார்கள், கூடவே நிற்போம். ஆனால் துடைப்பம் ஏன் ஒரே சாதியின் கையில் என்றும் அவர்கள் கேட்கவேண்டும். கேட்காதவரை அந்தச் சங்கமும் இரண்டு ரயில்தான் ஓட்டுகிறது.

கேட்க வேண்டியவை எளிது. நிலையத் துப்புரவு வேலை நிரந்தர வேலையாக, ரயில்வேயின் சம்பளத்தில் இருக்கவேண்டும். இடஒதுக்கீடு துடைப்பத்துக்கு மட்டுமல்ல, கவுண்டருக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலிக்கும் முழுதாக நிரப்பப்படவேண்டும். முதல் வண்டியிலிருந்து கடைசி வண்டிவரை பெண்கள் கழிப்பறை திறந்திருக்கவேண்டும். அத்திப்பட்டு தாண்டிக் கூடுதல் தடம் வேண்டும்.

கல்லூரிக்கு இந்தத் தடத்தில் போய்வருகிற மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஸ்டேஷனில் பெருக்குகிறவர்கள் எத்தனை பேர், யாருடைய காண்ட்ராக்ட், ஒப்பந்தத்தில் எழுதிய கூலி என்ன, கைக்கு வருவது என்ன? 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினால் முதல் மூன்றும் தெரிந்துவிடும். நான்காவதை அவர்களிடம் உட்கார்ந்து பேசித்தான் தெரிந்துகொள்ள முடியும். பேர் கேட்காதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, எளாவூர், அந்தப் பக்கம் புட்லூர், கடம்பத்தூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக எழுதிக் கொண்டுவாருங்கள். கையில் கணக்கு இருந்தால்தான் அண்ணி பயப்படாமல் கேட்க முடியும்.