நாற்காலிக்கு மட்டுமா காவல்?

ஆப்பிரிக்காவுல ராணுவம் ஆட்சியைப் புடிச்சா நம்ம பத்திரிகைகளுக்கு அது ரெண்டு பத்திச் செய்தி. 'இருண்ட கண்டம்' என்கிற வெள்ளைக்காரன் பார்வை இன்னும் நம் மண்டைக்குள் குந்தியிருக்கிறது. அந்நாடுகள் ஜனநாயகத்துக்காகத் தமக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தங்கள் பற்றி இங்கே பேச்சே கிடையாது. நாம் பேசியாக வேண்டும் தோழர்களே. அடிமைக் குலத்தில் பிறந்த ஒரு பெண், அப்படியான ஒரு கூட்டமைப்பின் நீதிமன்றத்தில்தான் தன் அரசாங்கத்தையே கூண்டில் ஏற்றினார்.

அவர் பெயர் ஹதிஜாட்டு மானி. நைஜர் நாட்டுக்காரர். 1996இல், 12 வயதில், 2,40,000 சிஎஃப்ஏ பிராங்குக்கு விற்கப்பட்டவர். ஆண்டையின் வீட்டு வேலை, காட்டு வேலை, அவன் படுக்கை என்று ஏறத்தாழ பத்து வருஷம் போச்சு. 2003லேயே நைஜர் அடிமைமுறையைக் குற்றமாக்கிவிட்டது. சட்டம் காகிதத்தில் தூங்கியது. 2005இல் ஆண்டை விடுதலைப் பத்திரம் கொடுத்தான். அவர் வெளியே கிளம்பினதும் 'நீ என் பெண்டாட்டி'ன்னு மறிச்சான். தனக்குப் பிடித்தவரை அவர் கட்டிக்கொண்டபோது, புருஷன் இருக்கையிலே இன்னொருத்தனைக் கட்டினாள் என்று வழக்கு. உள்ளூர் நீதிமன்றம் போட்டது 6 மாதச் சிறை. வித்தவனுக்கும் இல்ல, வாங்கினவனுக்கும் இல்ல. விற்கப்பட்டவருக்கு!

மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகம், சுருக்கமாக எக்கோவாஸ், 1975இல் வியாபாரத்துக்காக உண்டான அமைப்பு. 2005இல் அதன் நீதிமன்றத்தைத் தனிமனிதர்களுக்கும் திறந்துவிட்டார்கள். உள்நாட்டு நீதிமன்றப் படிகளையெல்லாம் ஏறி முடிக்காமலே நேராக அங்கே போகலாம். ஹதிஜாட்டு போனார். 2008 அக்டோபர் 27 அன்று தீர்ப்பு: அவர் அடிமையாக வைக்கப்பட்டிருந்தார், நைஜர் அரசு அவரைக் காக்கத் தவறியது, 1 கோடி பிராங்க் நஷ்டஈடு கொடு. வங்கியில் கணக்கெழுதிப் பிழைக்கிறவன் நான். கை தானாகக் கணக்குப் போடுகிறது. வித்த விலையைப் போல 40 மடங்குக்கு மேல். தீர்ப்பில் ஓட்டையும் உண்டு. அவர்மேல் காட்டப்பட்ட பாகுபாடு அரசின் குற்றமல்ல, ஆண்டையின் குற்றம் என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. ஆண்டைக்கு அந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

ஆனாலும் 'உள்நாட்டு விவகாரம்' என்கிற சுவரில் அது ஒரு வாசல். 1963இல் பிறந்த ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு அந்தச் சுவரைக் கட்டிக் காத்தது. 2001 டர்பன் மாநாட்டில் சாதி பற்றிப் பேசக் கூடாதென்று இந்திய அரசு எடுத்துப் போட்டதும் இதே செங்கல்தான்.

அதே 2001இல் எக்கோவாஸ் ஜனநாயகத்துக்கும் நல்லாட்சிக்குமான நெறிமுறையை எழுதியது. தேர்தலுக்கு முந்தைய ஆறு மாதத்தில் அரசியல் சக்திகளில் பெரும்பான்மையின் சம்மதமில்லாமல் தேர்தல் சட்டத்தைப் பெரிதாக மாற்றக் கூடாது, அரசியல் சட்டத்துக்குப் புறம்பாக ஆட்சியைப் பிடிக்கக் கூடாது. நல்ல வார்த்தைகள். செயலிலும் ஒருமுறை பார்த்தோம். காம்பியாவில் தேர்தலில் தோற்றும் நாற்காலியை விட மறுத்த ஜாமே, 22 வருஷம் ஆண்டவர், 2017 ஜனவரியில் எக்கோவாஸ் படை நுழைந்ததும் நாட்டைவிட்டுப் போனார்.

அப்புறம் என்னாச்சு? ஜனாதிபதிக்கு ரெண்டு தடவைக்கு மேல் பதவி கூடாதென்ற யோசனை 2015இல் வந்தபோது காம்பியாவும் டோகோவும் எதிர்த்தன, கைவிட்டார்கள். 2020இல் கினியாவில் கோண்டேவும் ஐவரி கோஸ்ட்டில் உவத்தாராவும் மூன்றாம் முறையாகப் பதவி ஏறியபோது எக்கோவாஸ் முழுங்கிக்கொண்டது. 2021இல் கோண்டேவை ராணுவம் கவிழ்த்ததும் உடனே முழிப்பு வந்துவிட்டது. சட்டத்தை வளைச்சு உக்காந்தா ஜனநாயகம், துப்பாக்கியால உக்காந்தா சதி. என்னா ஞாயம் இது?

2023 ஜூலையில் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. எக்கோவாஸ் எல்லையை மூடியது, நைஜீரியா மின்சாரத்தை வெட்டியது. இருட்டில் கிடந்தது தளபதிகளா, தினக்கூலிகளா? தலைநகர் நியாமியில் ஜனங்க ராணுவத்துக்குக் கைதட்டினதில் எனக்கு ஆச்சரியமில்லை. நாற்காலிக்குக் காவல் காத்தவர்கள் அந்த ஜனங்களைக் கண்டுகொள்ளவில்லை.

மாலி, புர்கினா பாசோ, நைஜர் மூன்றும் 2025 ஜனவரி 29 அன்று எக்கோவாஸை விட்டு வெளியேறின. மார்ச்சில் நைஜர் தளபதி தியானி ஐந்து வருஷத்துக்கு ஜனாதிபதியானார், கட்சிகள் கலைக்கப்பட்டன. பிரெஞ்சு ராணுவத்தை விரட்டினார் என்று நம்மில் சில தோழர்கள் அவரைக் கொண்டாடுகிறார்கள். விரட்டினது சரி. உள்ளூர் ஆண்டையை யார் விரட்டுவது? இன்னொரு ஹதிஜாட்டு வந்தால் தட்டுவதற்கு எக்கோவாஸ் நீதிமன்றத்தின் கதவு இனி இல்லை. இந்த இழப்பைப் பற்றி ஏகாதிபத்திய எதிர்ப்புக் கூட்டங்களில் ஒரு வரிகூட நான் கேட்கவில்லை.

எனவே என் கருத்து இது. நாடுகள் கூடி ஜனநாயகம் பேசும்போது யார் ஜனாதிபதி என்பதோடு நின்றுவிடக் கூடாது. விலகிய நாடுகளோடு எக்கோவாஸ் பேசுவதானால், அந்நாட்டு மக்களுக்கு நீதிமன்றக் கதவைத் திறந்து வைப்பதை முதல் நிபந்தனையாக வைக்கட்டும். மூன்றாம் முறைப் பதவிக்குத் தடையை எழுதட்டும். ரெண்டும் இல்லாமல் இன்னொரு நெறிமுறை எழுதினால், அது தலைவர்கள் ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்திக்கிற சங்கம்தான்.