கூத்துப் பதிவுகளும் சாம்பிள் ரேட் மாற்றமும்

ஆரணிப் பட்டு வியாபாரிகளுக்குப் பெரணமல்லூர் ஒரு தறி ஊர். ஒலி ஆவணத் தொழிலில் இருக்கும் நமக்கு அது பாரதக் கூத்து வட்டாரம். பெரணமல்லூர், சேத்துப்பட்டு, வந்தவாசி, செய்யாறு என்று நீளும் இந்தப் பகுதியில் திரௌபதி அம்மன் கோயில் விழா வந்தால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. இரவு பத்து மணிக்கு மேல் களரி கட்டினால் விடியும்வரை ஓயாது. வில்வளைப்பு, பகடை துயில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று இரவுக்கு ஒரு கதை. கடைசியாகப் பதினெட்டாம் போர், காலையில் படுகளம். புரிசை கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையும், பெருங்கட்டூர் ராஜகோபால் முன்னின்று 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கமும் இந்தக் கலையை வெளியுலகம் அறியச் செய்தன. அவற்றுக்கு அப்பால், ஊர் எல்லை தாண்டிப் பெயர் தெரியாத ஜமாக்கள் எத்தனையோ.

அந்த ஜமாக்களின் இரவுகளைப் பல பேர் பல கருவிகளில் பதிவு செய்திருக்கிறார்கள். சேகரிக்கப் போகிறவர் கையில் வந்து சேருவது ஒரு கலவை. கேசட்டிலிருந்து மாற்றியது 96 கிலோ ஹெர்ட்ஸ், மினிடிஸ்க்கிலிருந்து வந்தது 44.1, வீடியோக்காரர் கொடுத்தது 48, டாட் நாடாவில் இடம் மிச்சம் பிடிக்க நீண்ட நேர முறையில் பதிந்தது 32, யாரோ வாட்சாப்பில் அனுப்பிய குரல் துண்டு 16. ஒரே ஜமா, ஒரே கதை, ஐந்து சாம்பிள் ரேட். இவற்றை மொத்தமாக மாற்ற எந்த மென்பொருள் நல்லது என்பதுதான் இந்த இதழுக்கு வரும் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி.

மென்பொருளுக்குப் போகுமுன் ஒரு கேள்வியை முடித்துவிடலாம். எதை மாற்றுகிறோம்? மாஸ்டரை மாற்றவே கூடாது. பதிவானது எந்த ரேட்டோ அதே ரேட்டில், அதே பிட் அளவில் மாஸ்டர் கிடக்கட்டும். பன்னாட்டு ஒலி, ஒளி ஆவணச் சங்கமான ஐயாசாவின் டிசி-04 வழிகாட்டி குறைந்தது 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட் என்று சொல்வது அனலாக் நாடாவை டிஜிட்டலாக்கும் தருணத்துக்கு. அதைத் தவறாகப் படித்துக்கொண்டு, 44.1-இல் பிறந்த மினிடிஸ்க் பதிவையெல்லாம் 96-க்கு ஏற்றிக் கொடுத்தால்தான் வாங்குவோம் என்று நிபந்தனை போடும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஏற்றினால் கோப்பு இரண்டு மடங்கு பெருக்கும். ஒரு தாளச் சத்தம்கூடப் புதிதாக வராது. பின்னால் ஆய்வு செய்ய வருகிறவர் இது உண்மையிலேயே 96-இல் பதிந்ததென்று நம்பி ஏமாறுவார். அப்படிக் கேட்கிற இடத்தில், மாஸ்டரை மாற்றாமல்தான் தருவேன் என்று எழுதிக் கொடுங்கள்.

ஆக, மாற்றுவது பயன்பாட்டுப் படிகளை மட்டும். வீடியோவோடு சேர்க்க 48, ஜமாக்காரருக்கு சிடி போட்டுக் கொடுக்க 44.1, வசனத்தைக் கணினி கொண்டு எழுத்தாக்க 16. பெரும்பாலோர் தேவை இந்த மூன்றில் அடங்கிவிடும்.

இவற்றில் தொல்லை தருவது 44.1 என்ற எண். 1970-களின் இறுதியில் டிஜிட்டல் ஒலியைப் பதிய வீடியோ நாடாவைத்தான் பயன்படுத்தினார்கள். வீடியோவின் ஒரு வரிக்கு மூன்று சாம்பிள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் ஒரு புலத்துக்கு 245 வரி, நொடிக்கு 60 புலம். ஐரோப்பிய முறையில் 294 வரி, 50 புலம். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும். சிடி அதையே எடுத்துக்கொண்டது. வீடியோவும் டாட்டும் 48-ஐப் பிடித்தன. 96-ஐ 48 ஆக்குவது பாதியாக்கும் வேலை. 48-ஐ 44.1 ஆக்க 160-க்கு 147 என்ற விகிதத்தில் புதிய சாம்பிள்களைக் கணக்கிட்டு எடுக்க வேண்டும். ஒரு காலத்தில் இங்கேதான் மென்பொருள்கள் தடுமாறின.

தடுமாற்றம் கூத்தில் எங்கே கேட்கும்? தாளத்தில். கூத்துத் தாளத்தின் வெண்கல ஒலி 20 கிலோ ஹெர்ட்ஸுக்கும் மேலே போகக்கூடியது. 96-இல் பதிந்ததை 44.1 ஆக்கும்போது 22.05-க்கு மேலுள்ளதை வடிகட்டி அறுக்கவில்லை என்றால், அது மடங்கிக் கீழே வந்து விழும். இதுதான் அலியாசிங். தாளம் போடும்போதெல்லாம் அடியில் ஒரு மணல் சத்தம் கேட்டால் சந்தேகப்படுங்கள். சோதிக்க எளிய வழி உண்டு. பூச்சியத்திலிருந்து 48 கிலோ ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஒற்றைச் சுரத்தை 96-இல் செய்து, 44.1-க்கு மாற்றி, ஸ்பெக்ட்ரோகிராமில் பாருங்கள். கோடு ஏறிப்போய் 22.05-ஐ ஒட்டி நின்றுவிட வேண்டும். திரும்பி இறங்கினால் அந்த மென்பொருளை மூடிவிடலாம்.

இந்தச் சோதனையில் சாக்ஸ், அதன் கணக்கை நூலகமாகப் பிரித்தெடுத்த சாக்ஸ்ஆர், எரிக் டி காஸ்ட்ரோ லோப்போவின் லிப்சாம்பிள்ரேட், வாக்ஸெங்கோவின் ஆர்8பிரைன், ஐசோடோப் ஆர்எக்ஸ் எல்லாமே உயர்ந்த தர அமைப்பில் தேறிவிடும். காதுக்கு வித்தியாசம் தெரியாது. இவற்றில் எது 'இனிமை' என்று இன்னமும் வாதாடுபவர்களை அவர்கள் போக்கில் விட்டுவிடலாம்.

வடிகட்டி விஷயத்தில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். செங்குத்தாக அறுக்கும் வடிகட்டி, திடீரென வரும் அடியின் முன்னும் பின்னும் ஒரு நடுக்கத்தை விட்டுச் செல்லும். கூத்தோடு சேர்த்துப் பெரணமல்லூர்த் தறிச் சத்தத்தையும் பதிவு செய்பவர்கள் குழித்தறியில் நாடா போய்ப் பெட்டியில் மோதும் அந்த அடியைப் பெரிதாக்கிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். 44.1-க்கு மாற்றும்போது நடுக்கம் 22 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் இருப்பதால் கவலையில்லை. 16-க்கு இறக்கும்போதோ அது 8 கிலோ ஹெர்ட்ஸுக்கு வந்துவிடுகிறது, காது நன்றாகக் கேட்கும் இடத்துக்கு. அதனால் 16-க்கான படிகளில் சற்றுச் சரிவான வடிகட்டி போதும். சாக்ஸில் சரிவையும் கட்டத்தையும் நாமே அமைக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே பொத்தான் வைத்திருக்கும் மென்பொருள்களில் அந்த வசதி இல்லை.

ஒலித் தரம் முடிந்த கதை என்றால் தேர்வை எதை வைத்துச் செய்வது? ஒலியைத் தவிர மற்றதையெல்லாம் அந்த மென்பொருள் என்ன செய்கிறது என்பதை வைத்து. நம் துறையில் நடக்கும் சேதம் பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் நேர முத்திரை. பிராட்காஸ்ட் வேவ் கோப்பின் பெக்ஸ்ட் பகுதியில் பதிவு தொடங்கிய நேரம் மணி, நிமிடமாக இருப்பதில்லை. நள்ளிரவிலிருந்து எத்தனையாவது சாம்பிள் என்ற எண்ணாக இருக்கிறது. இரவு 10 மணிக்கு 48 கிலோ ஹெர்ட்ஸில் தொடங்கிய கூத்துக்கு அந்த எண் 380 கோடியே 16 லட்சம். ரேட்டை 44.1 ஆக்கிவிட்டு இந்த எண்ணை அப்படியே விட்டுவிட்டால், கூத்து 11 மணி 56 நிமிடத்துக்குத் தொடங்கியதாகக் கோப்பு சொல்லும். 96-இலிருந்து 48-க்கு வந்தால் இன்னும் வேடிக்கை: தொடக்க நேரம் 44 மணி. எந்த இரவின் எந்தச் சாமத்தில் கட்டியங்காரன் வந்தான் என்று பார்க்க விரும்பும் ஆய்வாளருக்கு அந்த எண் பயன்படாது. சாக்ஸ் பெக்ஸ்ட் பகுதியையே எடுத்துச் செல்வதில்லை. எஃப்எஃப்எம்பெக்கில் எழுதச் சொன்னால்தான் எழுதும். எதைப் பயன்படுத்தினாலும் மாற்றிய பிறகு பிடபிள்யூஎஃப் மெட்டாஎடிட்டில் திறந்து, இந்த எண்ணைப் புதிய ரேட்டுக்குக் கணக்கிட்டு எழுதுங்கள். அந்த மென்பொருள் இலவசம். பல கோப்புகளை ஒரே அட்டவணையில் காட்டும்.

அடுத்து நீளம். 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட், இரட்டைத் தடத்தில் நொடிக்கு 2,88,000 பைட். கையடக்கக் கருவிகள் பல 2 ஜிபிக்கு ஒரு கோப்பாக வெட்டிவிடும். அது 2 மணி 4 நிமிடம். எட்டு மணிநேரக் கூத்து நான்கு துண்டாகக் கிடக்கும். துண்டுகளை அப்படியே பேட்சில் போட்டு மாற்றிவிட்டுப் பிறகு ஒட்டுகிறவர்கள் ஒட்டிய இடத்தில் 'டிக்' என்ற சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். வடிகட்டிக்கு ஒவ்வொரு சாம்பிளுக்கும் முன்னும் பின்னும் உள்ள சாம்பிள்கள் வேண்டும்; துண்டின் விளிம்பில் அவை இல்லாததால் மௌனம் என்று எடுத்துக்கொள்கிறது. முதலில் ஒட்டுங்கள், பிறகு மாற்றுங்கள். ஒட்டியது 4 ஜிபியைத் தாண்டினால் பழைய வேவ் தலைப்பு தாங்காது. ஆர்எஃப்64 வடிவில் எழுத எஃப்எஃப்எம்பெக் பக்கம் போவதே பாதுகாப்பு.

ஒலி அளவு. உச்சத்தைத் தொட்டுப் பதிந்த கோப்பை மாற்றினால் புதிய சாம்பிள்கள் உச்சத்தைத் தாண்டி அறுபடலாம். முகவீணை உச்சத்தில் நிற்கும் இடங்களில் இது சாதாரணம். இதைத் தடுக்கப் பல மென்பொருள்கள் கோப்புக்குக் கோப்பு அளவைக் குறைக்கின்றன, அல்லது ஒவ்வொன்றையும் தனித்தனியாக நார்மலைஸ் செய்கின்றன. அப்படிச் செய்தால் ஓரிரவின் உள் அளவு குலைந்துபோகும். விருத்தம் பாடிய பகுதியும் சண்டைக் காட்சியும் ஒரே சத்தமாகிவிடும். தொகுப்பு முழுவதற்கும் ஒரே அளவாக 2 அல்லது 3 டெசிபெல் குறையுங்கள். 16 பிட்டுக்கு இறக்குவதானால் டிதர் கடைசிப் படியாக வரட்டும். சாக்ஸ் அதைத் தானாகவே சேர்க்கும். எஃப்எஃப்எம்பெக்குக்குச் சொல்ல வேண்டும்.

கோப்புப் பெயர்கள் தமிழில் இருந்தால் இன்னொரு சோதனை. 'திரௌபதி'யில் உள்ள ஔகாரக் குறியையும் 'போர்' என்பதில் உள்ள ஓகாரக் குறியையும் யூனிகோடில் ஒரே எழுத்தாகவும் வைக்கலாம், இரண்டு துண்டாகவும் வைக்கலாம். பழைய மேக் கணினிகள் துண்டாக வைக்கும். விண்டோஸிலும் லினக்ஸிலும் நாம் தட்டச்சு செய்வது பெரும்பாலும் ஒற்றை எழுத்து. கண்ணுக்கு 'பதினெட்டாம் போர்' என்று ஒன்றே போல் தெரியும் இரண்டு கோப்புகள் கணினிக்கு வேறு வேறு. பேட்ச் பட்டியலில் ஒன்று விடுபட்டுப் போகும், யாருக்கும் தெரியாது. விண்டோஸில் சாக்ஸ் தமிழ்ப் பெயர்களிலேயே சறுக்கக்கூடியது. பெயர்களை எண் குறியீடாக வைத்து, தமிழ்த் தலைப்பை மெட்டாடேட்டாவில் வைப்பதே என் கட்சி.

மேலெழுதும் வழக்கத்தையும் பாருங்கள். அதே பெயரில் கோப்பு இருந்தால் எஃப்எஃப்எம்பெக் கேட்கும். சாக்ஸ் கேட்காமலேயே எழுதிவிடும். கேட்கச் சொல்லித் தனியாகக் கட்டளை கொடுக்க வேண்டும். மாஸ்டர் இருக்கும் வட்டைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முடிந்தபின் மாஸ்டரின் செக்சம் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். படிகளுக்குப் புதிய செக்சம் எடுங்கள்.

மாற்றவே கூடாத ஒரு வகையும் உண்டு. 48-இல் பதிந்த கோப்பின் தலைப்பில் யாரோ தவறாக 44.1 என்று போட்டுவிட்டால், எட்டு மணிநேரம் 8 மணி 42 நிமிடமாக நீளும். சுருதி ஏறக்குறைய ஒன்றரை சுரத்தானம் இறங்கும். கூத்தில் ஆர்மோனியம் இருப்பதால் கண்டுபிடிப்பது எளிது. அதன் கட்டைகள் எந்தச் சுரத்தானத்திலும் உட்காராமல் நடுவில் நின்றால் தலைப்பு பொய் சொல்கிறது. அதற்குத் தேவை தலைப்பைத் திருத்துவது. சாம்பிளைத் தொட வேண்டியதில்லை. பேட்சில் தள்ளிவிட்டால் தவறு படிகளுக்குள் நிரந்தரமாகிவிடும்.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். கட்டளை வரிக்கு அஞ்சாதவர்களுக்குச் சாக்ஸ்ஆர் சேர்த்துத் தொகுத்த எஃப்எஃப்எம்பெக்கும் பிடபிள்யூஎஃப் மெட்டாஎடிட்டும். சாக்ஸ்ஆர் சேர்க்காத எஃப்எஃப்எம்பெக்காக இருந்தால், அதைக் கேட்டவுடன் பிழை சொல்லி நின்றுவிடும், அதுவும் நல்லதே. வடிகட்டியைத் தானே அமைக்க வேண்டியவர்களுக்குச் சாக்ஸ். அதன் கடைசி அதிகாரப்பூர்வப் பதிப்பான 14.4.2 வந்தது 2015-இல் என்பது நினைவிருக்கட்டும். சுட்டி பிடித்தே பழகியவர்களுக்கு ரீப்பரின் பேட்ச் கன்வெர்ட்டர். ஆர்எக்ஸ் நல்லது, இரைச்சல் நீக்க ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர் பயன்படுத்தலாம், ரேட் மாற்றத்துக்கென்று வாங்க வேண்டாம். ஆடாசிட்டி ஒரு கோப்பைத் திருத்த உகந்தது. விழா முழுவதையும் அதில் ஏற்ற வேண்டாம்.

எதைத் தேர்ந்தாலும் என்ன மென்பொருள், எந்தப் பதிப்பு, என்ன கட்டளை, எந்த நாள் என்பதை ஓர் உரைக் கோப்பில் எழுதி, படிகளோடு அதே ஃபோல்டரில் வையுங்கள். பங்குனியில் கொடி ஏறப்போகிறது. களத்துக்குப் போகிறவர்கள் இந்த முறை எல்லாக் கருவிகளையும் 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட்டில் நிறுத்தி, கடிகாரத்தையும் சரிசெய்துகொண்டு கிளம்புங்கள். மாற்ற வேண்டிய கோப்புகளில் பாதி அப்போதே குறைந்துவிடும்.