ஆறு மடிப்பில் ஒரு கோச்சி



இரத்தினபுரிக்கு ஒரு காலத்தில் கோச்சி ஓடியது என்று உங்கள் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். "சும்மா சொல்லாதீங்க உம்மா" என்பார்கள். அவர்கள் மீது குற்றமில்லை. தண்டவாளமே இல்லாத ஊரில் கோச்சியை எப்படி நம்புவார்கள்?

களனிப் பள்ளத்தாக்குப் பாதை 1902-இல் அவிசாவளையை எட்டியது. அங்கிருந்து ஒரு கிளை எட்டியாந்தோட்டைக்குப் போனது. மற்றது 1912-இல் இரத்தினபுரிக்கும், 1919-இல் ஓப்பநாயக்கவுக்கும் நீண்டது. தோட்டங்களின் தேயிலையும் றப்பரும் அதில்தான் கொழும்புக்குப் போயின. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடிதான், அதாவது 762 மில்லிமீற்றர். எட்டியாந்தோட்டைக் கிளை 1942-இல் மூடப்பட்டது. இரத்தினபுரிப் பக்கத்து ஓட்டம் 1970களில் நின்றது. அவிசாவளை வரை மிஞ்சியதும் 1990களில் அகலப் பாதையாகிவிட்டது. இரத்தினபுரிக் கோச்சியில் ஏறிய நினைவுள்ளவர்களில் ஆக இளையவர்களுக்கும் இன்று அறுபது வயது நெருங்கிவிட்டது. அவர்களும் போய்விட்டால், கேட்க யார் இருப்பார்கள்?

எனவேதான் பிள்ளைகளைக் கொண்டு அந்தக் கோச்சியின் மாதிரியைச் செய்விக்கும்படி சொல்கிறேன். "அது பணக்காரரின் பொழுதுபோக்கல்லவா?" என்பீர்கள். கடையில் இயந்திர வண்டி வாங்கினால் அப்படித்தான். ஆனால் அளவைச் சரியாகத் தெரிந்தெடுத்தால் செலவு வெகுவாகக் குறையும்.

மாதிரிப் புகையிரதங்களில் உலகெங்கும் அதிகம் விற்பது அசலில் 87-இல் ஒரு பங்கான அளவு. 64-இல் ஒரு பங்கு என்றொரு அளவும் உண்டு. அமெரிக்காவில் 1946 முதல் 'அமெரிக்கன் ஃபிளையர்' வண்டிகள் அந்த அளவில் விற்றன. பின்னர் சிறிய அளவுகள் முந்திக்கொள்ள, இதை நாடுவோர் குறைந்து போயினர். நமக்கோ இதுதான் வசதி. காரணங்கள் மூன்று.

முதலாவது, உங்கள் மகனின் பெட்டியில் கிடக்கும் கைக்கடக்கமான இரும்புக் கார்களில் பல ஏறக்குறைய இதே அளவுதான். நிலையத்து வாசலில் நிறுத்த வாகனம் தேடி அலைய வேண்டாம்.

இரண்டாவது, கணக்குப் போட வேண்டாம். தையல் நூலை எடுத்து, அசல் பொருளின் நீளத்துக்கு அளந்து, ஆறு தரம் பாதியாக மடியுங்கள். கையில் இருப்பது 64-இல் ஒரு பங்கு! 160 சென்ரிமீற்றர் உயரமான நீங்கள் இரண்டரைச் சென்ரிமீற்றர் ஆகிவிடுவீர்கள். இடுப்பளவுத் தேயிலைச் செடி ஒன்றரைச் சென்ரிமீற்றர். லயத்துக் கதவையும் இப்படியே அளக்கலாம்.

மூன்றாவது, நமது இரண்டரை அடிப் பாதை இந்த அளவில் 12 மில்லிமீற்றர் ஆகிறது. 'ரீரீ' எனப்படும் சிறிய வகை மாதிரி வண்டிகளின் தண்டவாளமும் அதே 12 மில்லிமீற்றர்தான். இங்கிலாந்தின் ஹோர்ன்பி நிறுவனம் 2022-இல் அந்த வகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வெளிநாட்டிலுள்ள உறவினர் பிற்காலத்தில் தண்டவாளம் அனுப்பினாலும் உங்கள் பலகையில் பொருந்தும்.

அதுவரை இரண்டு ஈர்க்குகள் போதும். எரிந்த தீக்குச்சிகளைக் குறுக்காக ஒட்டி, அவற்றின்மேல் ஈர்க்குகளை 12 மில்லிமீற்றர் இடைவெளியில் ஒட்டுங்கள். பெட்டிகளைக் காட்போட்டில் வெட்டுங்கள். பாத்திரம் தேய்க்கும் பச்சைப் பஞ்சைக் கிள்ளி வைத்தால் தேயிலைச் செடி. ஊற்றி முடிந்த தேயிலைச் சக்கையைக் காயவைத்து ஒட்டினால் மண். கோச்சியைக் கையால் தள்ளினால் போதும். பிளேட்டைப் பெரியவர்களே பிடியுங்கள். தவழும் குழந்தைக்குச் சிறு துண்டுகள் எட்டக்கூடாது.

இன்னொரு முக்கியமான விடயம். ஒவ்வொரு வீடும் இரண்டடி நீளம், ஓரடி அகலமான பலகையிலேயே செய்யட்டும். தண்டவாளம் பலகையின் நடுவால், ஒரே உயரத்தில் செல்லட்டும். அப்போது தெஹியோவிட்டையில் செய்ததும் குருவிட்டையில் செய்ததும் ஒன்றோடொன்று இணையும். மேல்நாட்டுச் சங்கங்களும் இப்படித்தான் பலகைகளைச் சேர்த்து நீண்ட பாதை அமைக்கின்றன. பள்ளி விடுமுறையில் பத்து வீட்டார் கூடினால் இருபதடிப் பாதை!

இதை ஆண்பிள்ளைகளின் விளையாட்டென்று ஒதுக்காதீர்கள். அளந்து வெட்டுவதில் நம் பெண்பிள்ளைகளின் கை சளைத்ததா?

தொடங்குமுன் பிள்ளைகளை மூத்தம்மாவிடம் அனுப்புங்கள். நிலையம் எங்கே இருந்தது? பெட்டிக்கு என்ன நிறம்? யாருடன் போனீர்கள்? என்ன சாமான் ஏற்றினார்கள்? சொல்வதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதட்டும். பலகை உடைந்தால் இன்னொன்று செய்யலாம். அந்தப் பதில்களை அவரைத் தவிர வேறு யாரிடம் வாங்க முடியும்? இந்த வாரமே கேளுங்கள்.